மருந்து கேட்காதபோது…

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நம்மில் பலருக்கு உள்ளம் நடுங்குகிறது. அதனினும் அச்சம் தருவது இன்னொன்று உண்டு. "கொடுத்த மருந்து கேட்கவில்லை" என்று மருத்துவர் கூறும் சொல்லே அது. அச்சொல்லைக் கேட்டதும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எண்ணி நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிடுவோர் சிலர். யார் எதைச் சொன்னாலும் நம்பி, கையிலுள்ள பொருளையும் காலத்தையும் ஒருங்கே இழப்போர் வேறு சிலர். இவ்விரண்டும் வேண்டா. மருந்துக்கு மசியாத நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்று புதிய வழிகள் பிறந்துள்ளன. அவை யாவை? எவ்வாறு வேலை செய்கின்றன? அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? உயிரியல் பாடத்தில் நாம் கற்ற சிறிதளவு அறிவைக் கொண்டே இவற்றை விளங்கிக்கொள்ள முடியும். அதற்கு முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெறி கட்டுதலும் லிம்போமாவும்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டுகிறது. இதை அறியாத தாய்மார் இல்லை. அவ்வாறு வீங்குபவையே நிணநீர் முடிச்சுகள். உடலெங்கும் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ள இவற்றைப் பாசறைகள் எனலாம். இப்பாசறைகளில் தங்கியிருக்கும் வீரர்களே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள். அவற்றுள் முக்கியமானவை இருவகை. பி அணுக்கள், கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. டி அணுக்களில் ஒரு பிரிவு, நோயுற்ற அணுவை நேரில் சென்று தாக்கிக் கொல்கிறது.

காவல் புரிய வேண்டிய இவ்வணுக்களில் ஒன்றே நெறி தவறி, கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுவே லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். 1832-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் மருத்துவர் இத்தகைய வீக்கங்களை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயரால் வழங்கும் ஹாட்ஜ்கின் லிம்போமா ஒருவகை. ஏனையவற்றுள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவையும் உண்டு. வாரக்கணக்கில் வேகமாக வளர்பவையும் உண்டு. வேகமாக வளர்பவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா'. பெரிய உருவமுடைய பி அணுக்கள் முடிச்சு முழுவதும் பரவி நிற்பதால் இப்பெயர் வந்தது. நாம் பேசப் போவது இந்நோயைப் பற்றியே.

கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையுமளவு வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன இதன் அடையாளங்கள். காசநோயிலும் இவையெல்லாம் உண்டு. ஆகவே நம் நாட்டில் ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் காலம் கடத்தும் அபாயம் உள்ளது. கட்டியிலிருந்து சிறு பகுதியை எடுத்து நுண்பெருக்காடியில் வைத்துப் பார்க்கும் பயாப்ஸி சோதனையே உண்மையைத் தெளிவாக்கும்.

பழைய ஆயுதங்கள்

புற்றுநோய்க்கு மருந்து கொடுத்து வைத்தியம் செய்யும் முறை தோன்றியதே லிம்போமாவில்தான். இரண்டாம் உலகப் போரின்போது, நச்சு வாயுக்களைப் பற்றி ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்தனர். மஸ்டர்டு வாயுவின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் வெள்ளணுக்களை அழித்தன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரெட் கில்மன் ஆகியோர் 1942-ஆம் ஆண்டில், கதிர் சிகிச்சைக்கு அடங்காத நிணநீர்ப் புற்று கண்ட ஒரு நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளைச் செலுத்தச் செய்தனர். சில நாட்களிலேயே கட்டிகள் கரையத் தொடங்கின. எனினும் அவை மீண்டும் தோன்றின. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நோயாளி இறந்தார். போர்க்கால இரகசியமாதலால் இச்செய்தி 1946-இல்தான் வெளியாயிற்று. மருந்து கேட்டதும், பின்னர் கேட்காமற் போனதும் முதல் நோயாளியிடமே நிகழ்ந்துவிட்டன என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

1970-களில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. அவை சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் என்பன. இவற்றுள் வின்கிரிஸ்டின் நமக்கு அந்நியமன்று. நம் வீட்டு வேலியோரங்களில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது அது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் செடிக்குள் உயிர் காக்கும் மருந்து ஒளிந்திருப்பது வியப்பன்றோ! ஆனால் அச்செடியின் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது விபரீதம். செடியில் மருந்தின் அளவு மிகச் சிறிது. உடன் இருக்கும் நச்சுப் பொருள்களோ பல.

1997-இல் ரிடுக்ஸிமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி அணுக்களின் மேற்பரப்பில் சி.டி. 20 என்றொரு புரதம் உண்டு. இம்மருந்து அதனை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும். 60 முதல் 80 வயது வரையிலான 399 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. நான்கு மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு நோயின் அறிகுறி முற்றிலும் மறைந்தது; ரிடுக்ஸிமாப்பையும் சேர்த்துப் பெற்றவர்களில் 76 பேருக்கு மறைந்தது. இந்த ஐந்து மருந்துகளால் இன்று ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் முற்றிலும் குணமடைகின்றனர். எஞ்சிய நால்வரின் கதி என்ன? அதுவே நம் கேள்வி.

ஏன் கேட்பதில்லை?

கொசுக்களை ஒழிக்க டி.டி.டி. தெளித்த கதையை நாம் அறிவோம். முதலில் கொசுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஆனால் அந்நஞ்சைத் தாங்கவல்ல சில கொசுக்கள் தப்பின. அவற்றின் சந்ததியே பெருகிற்று. பிறகு எவ்வளவு தெளித்தும் பயனில்லை. புற்றுநோயிலும் இவ்வாறே நிகழ்கிறது. கோடிக்கணக்கான நோயணுக்களில் சில, உட்புகுந்த மருந்தைத் தாமே இறைத்து வெளியே தள்ளிவிடும். வேறு சில, சேதமுற்ற அணு தானே மடிய வேண்டும் என்னும் இயற்கைக் கட்டளையை மீறும் வண்ணம் மாறியிருக்கும். மருந்து எளியவற்றைக் கொன்றுவிட, வலியவை எஞ்சி வளர்கின்றன.

அளவைக் கூட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கூட்டியும் பார்த்தார்கள். மிகுந்த அளவில் மருந்து கொடுத்தால் எலும்பு மஜ்ஜை அழிந்துவிடும். ஆதலின் நோயாளியின் இரத்த மூல அணுக்களை முன்னரே எடுத்துக் குளிரில் பாதுகாத்து, மருந்து கொடுத்தபின் திரும்பச் செலுத்தினர். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 109 பேர் பங்கு பெற்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தோர், இம்முறையைப் பெற்றவர்களில் 46 சதவிகிதம். சாதாரண மருந்துகளையே தொடர்ந்தவர்களில் 12 சதவிகிதம். ஆனால் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர் அனைவரும் இரண்டாம் முறை கொடுத்த மருந்துக்கு ஓரளவேனும் இணங்கியவர்களே. சற்றும் மசியாத நோய்க்கு இது போதவில்லை.

அத்தகையோர் 636 பேரின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. மேலும் மருந்து கொடுத்தபோது நூற்றுக்கு 26 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. 7 பேருக்கே முற்றிலும் மறைந்தது. அவர்களில் பாதிப்பேர் ஏறக்குறைய ஆறு மாதங்களில் இறந்தனர். ஒரே கதவை மேலும் மேலும் பலமாகத் தட்டுவதால் பயனில்லை, வேறு கதவைத் தேட வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்திற்று.

வீரனுக்குக் கண் கொடுத்தல்

நம் உடலில் டி அணுக்கள் இருக்கையில் அவை ஏன் லிம்போமாவை அழிப்பதில்லை? நோயணு நம் சொந்த அணுவேயாதலால், வேடம் பூண்ட பகைவனைப் போல் அது தப்பிவிடுகிறது. டி அணுவிற்குக் கொல்லும் ஆற்றல் உண்டு; பகைவனைக் காணும் கண் இல்லை. எதிர்ப்பொருளுக்கோ காணும் கண் உண்டு. கொல்லும் ஆற்றல் குறைவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? 1989-இல் இஸ்ரவேல் நாட்டின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த சீலிக் எஷ்ஹர் தம் தோழர்களுடன் இதைச் செய்து காட்டினார். நம் கோயில் தூண்களில் யாளியைக் கண்டிருப்போம். சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் ஒன்றாயமைந்த சிற்பம் அது. அதுபோல் இரு வேறு பொருள்களின் உறுப்புகள் ஒன்றாயமைந்த ஏற்பியைத் தாங்கிய டி அணுவே 'கார்-டி' அணு எனப்படுகிறது.

சிகிச்சை நடைபெறும் முறை இது. முதலில் நோயாளியின் இரத்தம் ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்தப்பட்டு, வெள்ளணுக்கள் மட்டும் பிரித்தெடுக்கப்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில், தீமை செய்யும் ஆற்றல் நீக்கப்பட்ட ஒரு வைரஸின் வாயிலாகப் புதிய ஜீன் டி அணுக்களுக்குள் புகுத்தப்படுகிறது. அந்த ஜீனின் கட்டளைப்படி, பி அணுக்களின் மேலுள்ள சி.டி. 19 என்னும் புரதத்தைக் கண்டறியும் ஏற்பி டி அணுக்களில் முளைக்கிறது. பின் அவை கோடிக்கணக்கில் பெருக்கப்படுகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். இறுதியில் ஒரு சிறு பையில் அடங்கும் திரவமாக, நரம்பின் வழியே ஒரே ஒரு முறை செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து அவருடைய உயிரணுக்களிலிருந்தே தயாராகிறது.

2012-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் எமிலி ஒயிட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவளுக்கு இருந்தது லிம்போமா அன்று. அதே பி அணு இனத்தில் தோன்றும் இரத்தப் புற்றுநோய். டி அணுக்கள் போரிடத் தொடங்கியதும் கடுங்காய்ச்சல் கண்டு, இரத்த அழுத்தம் வீழ்ந்து, அவள் உயிர் ஊசலாடியது. அவள் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் மிகுந்திருப்பது சோதனையில் தெரிந்தது. ஆய்வுக்குத் தலைமை வகித்த கார்ல் ஜூன் என்பவரின் மகளுக்கு மூட்டுவாத நோய் இருந்தமையால், அப்பொருளை அடக்கும் டோசிலிசுமாப் என்னும் மூட்டுவாத மருந்தை அவர் அறிந்திருந்தார். அதைச் செலுத்தியதும் எமிலி பிழைத்தாள். இன்று இப்பக்க விளைவுக்கு உலகெங்கும் கொடுக்கப்படுவது அம்மருந்தே.

லிம்போமாவுக்கான முதல் கார்-டி மருந்து 2017 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து கேட்காத 101 பேருக்கு அதைக் கொடுத்தபோது, 82 சதவிகிதத்தினருக்குக் கட்டிகள் சுருங்கின; பாதிக்கும் மேற்பட்டோருக்கு முற்றிலும் மறைந்தன. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் உயிருடன் இருந்தனர். முன்பு பாதிப்பேர் ஆறு மாதத்தில் மறைந்த கணக்கோடு இதை ஒப்பிட்டால் மாறுதலின் அளவு விளங்கும்.

முதற்சிகிச்சை பலிக்காதவர்களுக்கும், ஓராண்டிற்குள் நோய் திரும்பியவர்களுக்கும் இதனை இரண்டாம் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வில் 359 பேர் இருந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், பழைய முறையில் 46 சதவிகிதமும் புதிய முறையில் 55 சதவிகிதமும் உயிருடன் இருந்தனர். 2022 முதல் இரண்டாம் படியிலேயே இதைக் கொடுக்கவும் அங்கு அனுமதி உண்டு.

இரு கை கொண்ட மருந்து

கார்-டி அணுக்கள் தயாராகும்வரை சிலரது நோய் காத்திருப்பதில்லை. அத்தகையோருக்கு ஆயத்தமாகவே கிடைக்கும் வேறு மருந்துகள் உள்ளன. எப்கோரிடமாப், கிளோஃபிடமாப் என்னும் இரண்டும் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சாதாரண எதிர்ப்பொருளின் இரு கைகளும் ஒரே பொருளைப் பற்றும். இவற்றிலோ ஒரு கை நோயணுவின் சி.டி. 20 புரதத்தையும், மற்றொரு கை டி அணுவையும் பற்றுகின்றன. எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட டி அணு, தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முன்பு பல மருந்துகள் பலிக்காத நோயாளிகளில், இவை ஒவ்வொன்றாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேருக்கு நோய் முற்றிலும் மறைந்ததாக ஆய்வுகள் கூறின.

பொலடுசுமாப் வெடோடின் என்பது இன்னொரு வகை. எதிர்ப்பொருளின் முதுகில் நஞ்சு ஏற்றப்பட்டிருக்கிறது. அது நோயணுவின் சி.டி. 79பி என்னும் புரதத்தைத் தேடிச் சென்று ஒட்டி, உள்ளே நுழைந்தபின் நஞ்சை இறக்குகிறது. ஊர் முழுவதும் நஞ்சு தெளிப்பதற்கும், பகைவனின் வீட்டு முகவரிக்கு அனுப்புவதற்கும் உள்ள வேற்றுமை இது. 80 பேரிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான இரு மருந்துகளோடு இதனையும் சேர்த்தபோது 40 சதவிகிதத்தினருக்கு நோய் மறைந்தது, சேர்க்காதபோது 17.5 சதவிகிதத்தினருக்கே மறைந்தது.

நம் நாட்டில்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செல்வர்க்கு மட்டுமா என்று பெற்றோர் வினவலாம். அமெரிக்காவில் கார்-டி மருந்தின் விலை மட்டும் நம் பணத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து ஆராய்ந்து, 'நெக்ஸ்கார்-19' என்னும் மருந்தை நம் நாட்டிலேயே உருவாக்கின. 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனை நாட்டிற்கு அர்ப்பணித்தார். அதன் விலை அயல்நாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இது பெருமைக்குரியதே. ஆயினும் கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு அப்பத்தில் ஒரு பங்கும் எட்டாக் கனியே. விலையை இன்னும் குறைப்பதும், ஏழைக்கு அதை எட்டச் செய்வதும் விஞ்ஞானத்தின் பொறுப்பு மட்டுமன்று, சமுதாயத்தின் பொறுப்புமாகும்.

உண்மையை உள்ளபடி

புதிய வழிகளைப் புகழும்போது அவற்றின் குறைகளை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. கார்-டி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் நீங்காமலோ திரும்பியோ போகிறது. சில நோயணுக்கள் சி.டி. 19 புரதத்தையே உதிர்த்துவிட்டு மறைந்து திரிகின்றன. நோயற்ற பி அணுக்களும் அழிவதால் தொற்று நோய்கள் எளிதில் பற்றுகின்றன. அரிதாக, பின்னாளில் வேறு புற்றுநோய் தோன்றுவதும் உண்டு.

மூளையும் சில நாட்கள் பாதிக்கப்படலாம். அதைக் கண்டறிய மருத்துவர்கள் கையாளும் சோதனை நம் வகுப்பறையை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு நாளும் நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார்கள். காட்டிய பொருளின் பெயரைக் கேட்கிறார்கள். நேற்றுவரை நேராயிருந்த கையெழுத்து இன்று கோணினால், அபாயம் நெருங்குகிறது என்று அறிந்து உடனே மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இக்குழப்பம் தெளிந்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

குடும்பத்தில் ஒருவருக்கு முதல் மருந்து கேட்கவில்லை என்றால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். மீண்டும் பயாப்ஸி செய்து பார்ப்பது அவசியமா? மூல அணு மாற்றமோ கார்-டி சிகிச்சையோ இவருக்குப் பொருந்துமா? அவ்வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு இப்போதே கடிதம் தர இயலுமா? இதில் 'இப்போதே' என்பது முக்கியம். இடையில் கொடுக்கப்படும் சில மருந்துகள் டி அணுக்களை நலியச் செய்துவிடும். பின்னர் அவற்றைச் சேகரித்தாலும் வலிமை குறைந்திருக்கும். எல்லா வழிகளும் அடைபட்டபின் கடைசியாக நாடும் வழியன்று இது. பாதை பிரியும் இடத்திலேயே விசாரிக்க வேண்டிய வழி. புதிய சிகிச்சைக்கு உடல் இடந்தராத நிலையிலும், வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் மருத்துவம் உண்டு. "ஒன்றும் செய்வதற்கில்லை" என்னும் நிலை உண்மையில் எப்போதும் இல்லை.

இச்சிகிச்சைகள் அனைத்திலும் இரத்தமும் இரத்தத் தட்டணுக்களும் தேவைப்படுகின்றன. அவற்றை எந்தத் தொழிற்சாலையும் செய்து தர இயலாது. தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் பெரும்பாலும் பாதுகாக்கவும் முடியாது. ஆகவே பெற்றோர் இன்றும், மாணவியராகிய நாம் 18 வயது நிறைந்தபின்னும், மருத்துவர் தகுதியென்று கூறினால் இரத்த தானம் செய்யலாம். இந்நோய் தொற்று நோயன்று என்பதையும் அண்டை அயலார்க்கு எடுத்துச் சொல்லலாம். தலைமுடி உதிர்ந்த தோழி பள்ளிக்குத் திரும்பி வரும்போது, பழைய இடத்திலேயே அவளை அருகில் அமர்த்திக்கொண்டு, விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுக்கலாம். மருந்துக்கு மசியாத நோய்க்கு மாற்று வழி தேடுவது விஞ்ஞானிகளின் பணி. அவ்வழியில் நடப்பவரைத் தனியே விடாமல் உடன் செல்வது நம் பணி.